கடனும் பாதையும் போரும்: 1914 ஆம் ஆண்டு யுத்தத்தின் காரணிகள் பற்றிய ஒரு சிந்தனை

உலக யுத்தமொன்றின் காரணங்களைத் தேடிச் செல்வோர்க்குப் பொதுவாக இரண்டு வழிகள் தென்படுகின்றன. ஒன்று, மனிதரையும் அவர்தம் தீர்மானங்களையும் நோக்கிச் செல்வது. இளவரசரைச் சுட்ட இளைஞன், இறுதி எச்சரிக்கையை வரைந்த அமைச்சர், படை திரட்டும் ஆணையில் ஒப்பமிட்ட மன்னர் ஆகியோரே இவ்வழியில் எதிர்ப்படுவர். மற்றையது, மனிதருக்குப் பின்னால் நின்றியங்கும் பெருஞ் சக்திகளை நோக்கிச் செல்வது. சந்தை, மூலப்பொருள், முதலீடு, குடியேற்ற நாடு என்பனவே அங்கு முதன்மை பெறும். முதல் வழியிற் செல்வோர் யுத்தத்தை ஒரு விபத்தாகக் கண்டு அமைதியடைகின்றனர். இரண்டாம் வழியிற் செல்வோர் அதனைத் தவிர்க்கவொண்ணா விதியாகக் கண்டு அமைதியடைகின்றனர். இரு முடிவுகளும் ஒரு வகையில் ஆறுதலளிப்பவையே. விபத்துக்கும் விதிக்கும் பொறுப்பாளி எவருமிலர். ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சம் போர்வீரரின் உயிரைக் கொண்ட முதலாம் உலக யுத்தத்தின் வரலாறோ இத்தகைய ஆறுதலுக்கு எளிதில் இடந்தருவதாயில்லை.

பொருளாதாரக் காரணிகளை முதன்மைப்படுத்துவோரின் வாதம் வலிமை வாய்ந்தது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1871 இல் ஒன்றுபட்ட ஜேர்மனி, நாற்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் முதன்மைக் கைத்தொழில் நாடாக வளர்ந்தது. 1871 இல் 41 மில்லியனாயிருந்த அதன் குடித்தொகை 1914 அளவில் 67 மில்லியனை எட்டியது. 1913 இல் அது 17 மில்லியன் தொன்னுக்கு மேல் உருக்கை உற்பத்தி செய்ய, கைத்தொழிற் புரட்சியின் தாயகமான பிரித்தானியாவின் உற்பத்தி எட்டு மில்லியன் தொன்னைக்கூட எட்டவில்லை. ஆயின், ஜேர்மனி வலிமை பெற்றெழுந்த வேளையில் உலகின் பெரும்பகுதி ஏலவே பங்கிடப்பட்டிருந்தது. ஆபிரிக்காவைப் பங்கிடுவதற்கான விதிமுறைகள் 1884–85 ஆம் ஆண்டுப் பேர்லின் மாநாட்டில் வகுக்கப்பட்டன. 1914 ஆம் ஆண்டளவில் அக்கண்டத்தில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மாத்திரமே சுதந்திர நாடுகளாக எஞ்சின. உள்நாட்டில் இலாபந் தேட இடமின்றிப் போன மூலதனம் வெளிநாடுகளை நாடுவதே ஏகாதிபத்தியத்தின் வேர் என ஹொப்சன் 1902 இல் எடுத்துக்காட்டினார். அக்கருத்தை மேலும் வளர்த்த லெனின், 1916 இல் எழுதி 1917 இல் வெளியிட்ட நூலில், உலகைப் பங்கிட்டு முடித்த முதலாளித்துவ வல்லரசுகள் அதனை மறுபங்கீடு செய்வதற்காக மோதுவது தவிர்க்கவியலாதது என வாதித்தார். மொரோக்கோ தொடர்பாக 1905 இலும் 1911 இலும் எழுந்த நெருக்கடிகள் இவ்வாதத்திற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு.

எனினும், இச்சித்திரத்துடன் பொருந்தாத ஒரு செய்தி உளது. ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்குமிடையே நிலவிய ஏகாதிபத்தியப் போட்டியின் சின்னமாகப் பெரிதும் பேசப்பட்டது பக்தாத் புகையிரதப் பாதையாகும். துருக்கிப் பேரரசினூடாகப் பாரசீக வளைகுடாவை நோக்கிச் செல்லவிருந்த இப்பாதை, இந்தியாவுக்கான வழியை அச்சுறுத்துவதாகப் பிரித்தானியர் கருதினர். ஆயின், 1914 யூன் 15 ஆம் திகதி இலண்டனில் இவ்விரு நாடுகளின் பிரதிநிதிகளும் இப்பாதை குறித்த உடன்படிக்கை ஒன்றில் முதலொப்பமிட்டனர். பிரித்தானியாவின் சம்மதமின்றிப் பாதை பஸ்ராவுக்கு அப்பால் நீடிக்கப்படமாட்டாது என்பதும், அதன் பணிப்பாளர் சபையில் பிரித்தானியருக்கு இடமுண்டு என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டன. பிரான்சும் ஜேர்மனியும் துருக்கியில் தத்தம் பொருளாதார நலன்களை வரையறுத்து அவ்வாண்டு பெப்ரவரியிலேயே இணக்கங் கண்டிருந்தன. எதனைப் பற்றி யுத்தம் மூளும் என அஞ்சப்பட்டதோ, அது பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது. இலண்டன் உடன்படிக்கை எழுதப்பட்டு ஐம்பதாம் நாள் அதனை எழுதிய இரு நாடுகளும் ஒன்றோடொன்று யுத்தத்தில் இறங்கின.

வர்த்தகத் துறையிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. பிரித்தானியப் பொருள்களை வாங்கிய நாடுகளுள் 1913 இல் இந்தியாவுக்கு அடுத்த இடத்தை ஜேர்மனியே பெற்றிருந்தது. ஜேர்மனிய வர்த்தகக் கப்பல்களுட் பெரும்பாலானவை இலண்டனிலேயே காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. இத்தகைய பிணைப்புகள் மலிந்த உலகில் வெற்றி பெற்றவனுக்கும் யுத்தம் நட்டமே தரும் என நோர்மன் ஏஞ்சல் 1910 இல் வெளியிட்ட நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. யூலை மாதத்தின் இறுதி நாட்களில் யுத்தமேகம் சூழ்ந்தபோது, நிதி உலகம் மகிழவில்லை, நடுங்கியது. யூலை 31 இல் இலண்டன் பங்குச் சந்தை மூடப்பட்டது. இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் யூலை 30 இற்கும் ஓகஸ்ட் 1 இற்குமிடையே 3 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. பிரித்தானியா யுத்தத்தில் இறங்குவதை இலண்டனின் நிதி வட்டாரம் விரும்பவில்லை. ஆயுத உற்பத்தியாளர் சிலர் இலாபமடைந்தனர் என்பது உண்மையே. ஆயினும் முதலாளி வர்க்கம் முழுவதும் ஒருமனதாக யுத்தத்தை வேண்டி நின்றதென்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்றாகும்.

அவ்வாறாயின், பொருளாதாரத்திற்கு இந்த யுத்தத்தில் பங்கில்லையா? உண்டு, பெரும் பங்கே உண்டு. ஆனால் அப்பங்கு, பலர் தேடும் இடத்தில் இல்லை. அது ஆபிரிக்கக் காடுகளிலோ பாரசீக வளைகுடாவிலோ அன்றி, பேர்லினிலும் பரிசிலும் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலுமிருந்த வங்கிகளின் கணக்கேடுகளிலும் திறைசேரிகளின் கோப்புகளிலுமே பொதிந்து கிடந்தது.

1887 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிஸ்மார்க் ஓர் ஆணை பிறப்பித்தார். ரஷ்ய அரசின் முறிகளைப் பிணையாக ஏற்றுக் கடன் வழங்கலாகாதென ஜேர்மனிய மத்திய வங்கிக்கு அவ்வாணை கட்டளையிட்டது. அதற்கு முன்னரே, கிழக்குப் பிரஷ்ய நிலப்பிரபுக்களின் நலன் கருதி, ரஷ்யத் தானியத்தின் மீதான இறக்குமதித் தீர்வை 1885 இல் உயர்த்தப்பட்டிருந்தது. ரஷ்யா தன் மேற்கு மாகாணங்களில் அந்நியர் நிலம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தியமைக்கும், தன் தீர்வைகளை உயர்த்தியமைக்கும் பதிலடியாகவே இக்கடன் தடை கருதப்பட்டது. பிஸ்மார்க் ரஷ்யாவுடன் பகைமையை விரும்பியவரல்லர். அதே ஆண்டில் அந்நாட்டுடன் இரகசிய ஒப்பந்தமொன்றையும் அவர் செய்திருந்தார். சிறு நெருக்குதல் மூலம் ரஷ்யாவைப் பணிய வைக்கலாமென்றே அவர் எண்ணினார். ரஷ்யாவோ பணியவில்லை. அதன் நிதியமைச்சு பேர்லினை விட்டுப் பரிசுக்குச் சென்றது. 1888 இல் முதலாவது பெருங்கடன் அங்கு திரட்டப்பட்டது. 1890 இல் பிஸ்மார்க் பதவியினின்றும் நீங்கியபின் இரகசிய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது கைவிடப்பட்டது. 1894 இல் முடியாட்சி ரஷ்யாவும் குடியரசுப் பிரான்சும், கொள்கையால் முற்றிலும் முரண்பட்டிருந்தும், இராணுவ நேசநாடுகளாயின. கூட்டணியின் கையொப்பத்திற்கு ஆறு ஆண்டுகள் முந்தியது கடன் பத்திரத்தின் கையொப்பம் என்பது ஊன்றி நோக்கற்பாலது.

அடுத்த இருபதாண்டுகளில் இப்பணவோட்டம் பெருவெள்ளமாயிற்று. 1914 ஆம் ஆண்டளவில் பிரான்சின் வெளிநாட்டு முதலீட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ரஷ்யாவிலேயே இருந்தது. அதனை வழங்கியோர் பெரு வங்கிகளின் அதிபர்கள் மாத்திரமல்லர். கிராமத்து ஆசிரியரும் சிறு கடைக்காரரும் கைம்பெண்களும் தத்தம் சேமிப்பை ரஷ்ய முறிகளில் இட்டனர். ரஷ்யாவின் நிதிநிலையைப் புகழ்ந்து எழுதுமாறு பரிஸ் பத்திரிகைகளுக்கு ரஷ்ய அரசின் பணம் கையூட்டாக வழங்கப்பட்டமை பின்னர் வெளிப்பட்டது. சேமித்தவன் வட்டியை நோக்கினான். அரசு வேறொன்றை நோக்கியது. பரிஸ் பங்குச் சந்தையில் அந்நியக் கடன் திரட்டப்படுவதற்குப் பிரெஞ்சு அரசின் அனுமதி வேண்டியிருந்தமையால், அவ்வனுமதிக்கு அரசு ஒரு விலையை நிர்ணயித்தது. 1913 ஆம் ஆண்டின் கடன் பேச்சுவார்த்தையில் அவ்விலை வெளிப்படையாகவே கூறப்பட்டது. ரஷ்யப் படைகளை ஜேர்மனிய எல்லைக்கு விரைந்து கொண்டு சேர்க்கும் புகையிரதப் பாதைகள் அமைக்கப்படல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. வர்த்தகக் கணக்கின்படி இலாபந் தராத பாதைகள் அவை. எனினும் அவை வர்த்தகத்திற்காக இடப்பட்டவையல்லவே.

இப்பாதைகளின் பொருளைப் பேர்லினிலிருந்த படைத்தலைமை நன்குணர்ந்தது. பிரான்சையும் ரஷ்யாவையும் ஒருங்கே எதிர்க்க வேண்டிய நிலைக்காக ஜேர்மனி வகுத்திருந்த திட்டம் ஒரேயொரு கணிப்பின்மீது நின்றது. பரந்து கிடக்கும் ரஷ்யா படை திரட்டி முடிக்க ஆறு வாரமளவு செல்லும். அதற்குள் பெல்ஜியத்தினூடாகப் பாய்ந்து பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பதே அது. பிரெஞ்சுப் பணத்தால் இடப்பட்ட ஒவ்வொரு மைல் பாதையும் அந்த ஆறு வாரத்தை அரித்தது. படை திரட்டலின் 15 ஆம் நாளே தாக்குதல் தொடங்குவதாக ரஷ்யத் தளபதிகள் பிரெஞ்சுத் தளபதிகளுக்கு வாக்களித்திருந்தனர். ரஷ்யாவின் பெரும் படைவிரிவாக்கத் திட்டம் 1917 இல் நிறைவெய்தவிருந்தது. அதன்பின் தன் திட்டம் பயனற்றுப் போகும் என அஞ்சிய ஜேர்மனியத் தளபதி மொல்ட்கே, யுத்தம் வந்தே தீருமாயின் பிந்துவதினும் முந்துவதே நன்றென 1912 முதலே வற்புறுத்தி வந்தார். எதிரியின் தாக்குதலுக்கல்ல, எதிரியின் வளர்ச்சிக்கு அஞ்சியே போர் விரும்பப்பட்ட விபரீதம் இவ்வாறு தோன்றியது.

இதே தன்மையைப் போல்கன் பகுதியிலும் காணலாம். அங்கு கதை பன்றியில் தொடங்குகிறது. சேர்பிய விவசாயிகள் வளர்த்த பன்றிகளுக்கு அவுஸ்திரிய-ஹங்கேரியே தலையாய சந்தை. 1906 இல் அப்பேரரசு தன் எல்லையைச் சேர்பியக் கால்நடைகளுக்கு மூடியது. ஹங்கேரிய நிலவுடைமையாளர் அப்போட்டியை வெறுத்தமை ஒரு காரணம். சேர்பியா தனக்கு வேண்டிய பீரங்கிகளை அவுஸ்திரிய-ஹங்கேரியின் ஸ்கோடா நிறுவனத்திடம் வாங்க மறுத்துப் பிரான்சை நாடியமை மற்றொரு காரணம். பொருளாதார நெருக்குதலால் அயல்நாட்டை அடக்கலாம் என்னும் எண்ணம் பேர்லினிற் போலவே வியன்னாவிலும் பொய்த்தது. சேர்பியா வேறு சந்தைகளைத் தேடிக்கொண்டது. பரிசிலிருந்து கடனும் பீரங்கியும் பெற்றது. 1908 இல் பொஸ்னியாவை அவுஸ்திரிய-ஹங்கேரி தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, ஏலவே மூண்டிருந்த பகைமை மேலும் கனன்றது. 1912 இல் துருக்கி, இத்தாலியுடனான யுத்தத்தின்போது கருங்கடலின் வாயிலிலுள்ள நீரிணைகளைச் சில வாரங்கள் மூடவே, ரஷ்யாவின் தானிய ஏற்றுமதி தடைப்பட்டது. அவ்வழி மற்றொருவர் ஆதிக்கத்தில் வீழ்வதைத் தாங்கவியலாதென்ற உணர்வு ரஷ்ய ஆட்சியாளரிடையே அதன்பின் வலுப்பெற்றது. பன்றியும் கோதுமையும் யுத்தத்தை மூட்டின எனக் கூறுவது நகைப்புக்கிடமாகலாம். அவை அரசுகளின் அச்சத்துக்கு உணவூட்டின எனக் கூறுவதில் தவறில்லை.

உள்நாட்டு அரசியலும் இவ்விடத்துக் கருதத்தக்கது. 1879 ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டம் ஜேர்மனிய இரும்பு அதிபர்களையும் தானிய நிலப்பிரபுக்களையும் ஓரணியிற் சேர்த்தது. அவ்வணியின் துணையுடனேயே 1898 இலும் 1900 இலும் கடற்படைச் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. இரும்பு அதிபர்க்குக் கப்பல் கட்டும் பணியும், நிலப்பிரபுக்களுக்குத் தானியத் தீர்வையும் பரிசாயின. அதன் விலையாக இங்கிலாந்தின் பகைமையும், தீர்வையால் ரொட்டியின் விலையேறக் கண்ட தொழிலாளரின் வெறுப்பும் வந்து சேர்ந்தன. 1912 ஆம் ஆண்டுத் தேர்தலில் சமூக சனநாயகக் கட்சி 397 ஆசனங்களுள் 110 ஐப் பெற்றுத் தனிப் பெருங் கட்சியாயிற்று. தன் நாட்டு மக்களைக் கண்டே அஞ்சிய ஆட்சிக்குழாம், வெளிநாட்டு வெற்றியொன்றை விழைந்ததில் வியப்பில்லை. முடியாட்சி ரஷ்யாவும் பல்லின மக்களைக் கொண்ட அவுஸ்திரிய-ஹங்கேரியும் தத்தம் வகையில் இதே நோயால் வருந்தின. உள்ளே வலுவிழந்த அரசுகளே வெளியே வளைந்து கொடுக்க அதிகம் அஞ்சின.

ஆகவே, 1914 யூன் 28 இல் சரயெவோவில் பத்தொன்பது வயது இளைஞனொருவனின் துப்பாக்கி வெடித்தபோது, ஐரோப்பா வெடிமருந்துக் கிடங்காயிருந்தது எனச் சொல்லி நிறுத்திவிடல் போதாது. வெடிமருந்து தானாகக் குவிவதில்லை. அன்றியும், குவிந்த பின்னரும் தீக்குச்சிகள் பல தடவை அணைக்கப்பட்டிருந்தன. 1905, 1908, 1911, 1912 ஆகிய ஆண்டுகளின் நெருக்கடிகள் யாவும் பெரும் யுத்தமின்றியே கடந்தன. 1914 இல் அணைக்கப்படாமைக்குக் காரணம் மனிதர் எடுத்த தீர்மானங்களே. யூலை 5 இல் ஜேர்மனி, அவுஸ்திரிய-ஹங்கேரிக்கு நிபந்தனையற்ற ஆதரவை வாக்களித்தது. யூலை 23 இல் அவுஸ்திரிய-ஹங்கேரி, மறுக்கப்பட வேண்டும் என்னும் நோக்குடனேயே வரையப்பட்ட எச்சரிக்கையை 48 மணிநேரத் தவணையுடன் சேர்பியாவிடம் கையளித்தது. சேர்பியாவின் பதிலைக் கண்ட கைசர் வில்ஹெல்மே யுத்தத்திற்கான காரணம் நீங்கிவிட்டதெனக் கருதினார். அவர் அவ்வாறு கருதிய யூலை 28 ஆம் திகதியே வியன்னா யுத்தப் பிரகடனஞ் செய்தது. ரஷ்யச் சக்கரவர்த்தி பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டு, பின்னர் அதனை மாற்றி, யூலை 30 இல் மீண்டும் ஆணையிட்டார். ஓகஸ்ட் 1 இல் கைசர் படைகளனைத்தையும் கிழக்கே திருப்புமாறு கேட்டபோது, அது இயலாதென மொல்ட்கே மறுத்தார். ஆயிரக்கணக்கான புகைவண்டிகளின் நேர அட்டவணை பல்லாண்டு உழைப்பால் வகுக்கப்பட்டது. ஓரிரவில் அதனை மாற்றவியலாது என்பதே அவரது விடை. முதலாளி ஈட்டியும் சேமித்தவன் ஈந்தும் அரசு வழிப்படுத்தியும் சேர்ந்த பணம் பாதையாகி, பாதை அட்டவணையாகி, அட்டவணை ஈற்றில் மன்னனுக்கே கட்டளையிடும் நிலை எய்திற்று. எனினும் அவ்வட்டவணையை எழுதியதும் மனிதக் கையே. அதற்கு அடிபணியலாமெனத் தீர்மானித்ததும் மனித உள்ளமே.

யுத்தத்தின் பின் பொறுப்பு எவருடையது என்னும் வினாவும் அரசியலாயிற்று. 1919 ஆம் ஆண்டு வேர்சாய் உடன்படிக்கையின் 231 ஆம் உறுப்புரை ஜேர்மனியையும் அதன் நேசநாடுகளையும் பொறுப்பாளிகளாக்கியது. 1961 இல் ஜேர்மனிய வரலாற்றாசிரியர் பிரிட்ஸ் பிஷர் தன் நாட்டு ஆட்சிக்குழாத்தின் பேராசையை ஆவணங்களுடன் எடுத்துக்காட்டியபோது அந்நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. 2012 இல் கிறிஸ்டோபர் கிளார்க், அனைத்துத் தலைநகர்களிலும் பொறுப்புப் பரந்து கிடந்ததென வாதித்தார். இவ்விவாதம் ஓயாதிருத்தல் நன்றே. யுத்தத்தை முறைமையொன்றின் தானியக்க விளைவாக மாத்திரம் காண்பவர் குற்றவாளியைத் தப்பவிடுகின்றார். தனிமனிதரின் தவறாக மாத்திரம் காண்பவர் குற்றத்திற்கான கருவியைத் தப்பவிடுகின்றார்.

காரணங்களைப் படைத்தோரும் விளைவுகளைச் சுமந்தோரும் ஒருவரல்லர் என்பதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஓகஸ்ட் 4 இல் பிரித்தானியா யுத்தத்தில் இறங்கியதும் இந்தியாவும் இலங்கையும் தம் மக்களின் சம்மதம் கேட்கப்படாமலே யுத்தத்துக்குள்ளாயின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களுள் 60,000 பேருக்கு மேல் மீளவில்லை. ஜேர்மனியப் போர்க்கப்பலான எம்டன், 1914 செப்ரெம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தது. பின்னர் இலங்கைக் கரையோரத்தே வர்த்தகக் கப்பல்களைத் தாக்கியது. நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலொன்றினால் அது அழிக்கப்பட, சிறைப்பட்ட அதன் மாலுமிகள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். துணிவும் தந்திரமும் மிக்கவனை எம்டன் எனக் கூறும் வழக்குத் தமிழ்ப் பேச்சில் இன்றும் உண்டு. பக்தாத் பாதையைப் பற்றியோ ரஷ்ய முறிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் அறியாத மக்களின் நாவில் அந்த யுத்தம் இவ்வாறு தன் சுவட்டைப் பதித்துச் சென்றது.

ரஷ்ய முறிகளின் கதை 1918 இல் முடிவுற்றது. புரட்சி அரசு பழைய முடியாட்சியின் கடன்கள் செல்லாவென அறிவித்தது. மகனை யுத்தகளத்திற் பலி கொடுத்த பிரெஞ்சுக் குடும்பங்கள் பல, சேமிப்பையும் இழந்து நின்றன. வட்டிக்கெனக் கொடுத்த பணம் எப்பாதையாக மாறுகிறதென அவை கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தோர் சொன்னதுமில்லை. நாடுகளுக்கிடையே கடன் கொடுப்பதும் துறைமுகமும் பாதையும் அமைப்பதும் எக்காலத்திலும் நிகழ்வனவே. அவற்றால் நன்மையும் விளையும். ஆனால் இலாபக் கணக்கிற்கு அடங்காத நிபந்தனையொன்று கடன் பத்திரத்தில் எழுதப்படும்போது, அது எவருடைய எல்லையை நோக்கிச் செல்கின்றது என வினவும் கடமை கற்றோர்க்கு உண்டு. யூலை மாதத்தின் இறுதி வாரத்தில் அவ்வினாவை எழுப்புவதாற் பயனில்லை. 1887 இல் எழுப்பியிருந்தால் ஒருவேளை பயனிருந்திருக்கும்.